மெத்தைக்குள் 2 எதிரிகள்: ஒன்று கடிக்கும், ஒன்று மூச்சை அடைக்கும்!

சென்னை,

பகல் முழுக்க உழைத்து விட்டு ராத்திரி படுத்தால் உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் எழுந்தால் அடுக்கு தும்மல். பெரம்பூர், வியாசர்பாடி, ஓட்டேரி, புளியந்தோப்பு என வீடுகள் நெருக்கமாக உள்ள வட சென்னையில் பலருக்கும் பழக்கமான தொல்லை இது. 'எல்லாம் மூட்டைப்பூச்சி வேலை' என்று மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு.

ஆனால் அரிப்புக்கு காரணம் வேறு, தும்மலுக்கு காரணம் வேறு. இது தெரியாமல் மருந்து அடித்தால் காசும் வீண், சில நேரம் உயிருக்கே ஆபத்து.

தோலை தின்னும் பூச்சி

நம் மேல்தோல் தினமும் செதில் செதிலாக உதிர்கிறது. சுமார் ஒரு மாதத்தில் பழைய மேல்தோல் போய் புதுசு வந்து விடும். உதிர்ந்ததில் ஒரு பங்கு பாய், மெத்தை, தலகாணியில் சேருகிறது. அதை தின்று வாழ்வதுதான் தூசிப்பூச்சி. ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது. வெறும் கண்ணுக்கு தெரியாது. கடிக்காது, ரத்தமும் குடிக்காது.

இதன் கழிவும், செத்த உடலும் தூளாகி மூச்சில் கலந்தால், அலர்ஜி உள்ளவர்களுக்கு தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, வீசிங் வரும். வீட்டு தூசி அலர்ஜிக்கு இந்த பூச்சியே முக்கிய காரணம் என்று 1964-ம் ஆண்டு நெதர்லாந்து விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக் கொள்ளும். அதனால் கடலோர சென்னையின் புழுக்கம் இதற்கு கொண்டாட்டம். 2023 டிசம்பர் மிச்சாங் புயலின்போது வட சென்னையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த மெத்தையை அரைகுறையாக காய வைத்து படுத்தால் பூஞ்சையும் சேர்ந்து கொள்ளும்.

ரத்தம் குடிக்கும் பூச்சி

மூட்டைப்பூச்சி அப்படி இல்லை. வளர்ந்தது சுமார் 5 மில்லி மீட்டர் இருக்கும், கண்ணுக்கு நன்றாக தெரியும். குஞ்சு பெரிதாவதற்குள் 5 முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன்பு ரத்தம் குடித்தாக வேண்டும். மெத்தை தையல் ஓரத்திலும், கட்டில் இடுக்கிலும் பழுப்பு நிற சட்டையும், கறுப்பு புள்ளிகளும் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சிதான்.

பட்டினி கிடந்தாலும் பல மாதம் சாகாது. வீட்டை பூட்டி விட்டு ஊருக்கு போய் வந்தால் ஒழிந்து விடும் என்பது தப்பு கணக்கு. அழுக்கு வீட்டில்தான் வரும் என்பதும் தப்பு. 2023-ல் பாரீஸ் நகரமே மூட்டைப்பூச்சி பீதியில் தவித்தது. பழைய கட்டில், சோபா, பயண பை மூலம்தான் இது வீடு மாறுகிறது. வெட்கப்பட்டு மறைத்தால் பக்கத்து வீட்டுக்கும் போய் விடும்.

இதன் கடி அரிக்கும், தடிக்கும். ஆனால் நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை.

மருந்தே எமன் ஆகலாம்

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலியை ஒழிக்க வைத்த மருந்தின் நெடி பரவி 2 குழந்தைகள் பலியானது தமிழகத்தையே உலுக்கியது. வயலுக்கு அடிக்கும் மருந்து, தானிய மூட்டைக்கு வைக்கும் மாத்திரை ஆகியவற்றை படுக்கை அறைக்குள் கொண்டு வரவே கூடாது. மெத்தையில் மண்எண்ணை தெளிப்பதும் தீ விபத்தில் முடியும். பல மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி பழகியும் விட்டது.

என்ன செய்யலாம்?

* இரண்டு பூச்சியும் சூட்டுக்கு தாங்காது. படுக்கை விரிப்பு, தலகாணி உறையை வாரம் ஒரு முறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்க வேண்டும்.

* மெத்தையை வெயிலில் போட்டால் ஈரம் போய் தூசிப்பூச்சி குறையும். மூட்டைப்பூச்சி சூடு படாத உள்பக்கம் நழுவி விடும் என்பதால் வெயில் மட்டும் போதாது. கட்டில் இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும்.

* முட்டை பொரிக்க ஒரு வாரம் வரை, சில நேரம் கூடுதலாகவும் ஆகும். எனவே 2 வாரம் கழித்து மறுபடி ஊற்றினால்தான் பலன்.

* மெத்தையை மொட்டை மாடியில், மூக்கில் துணி கட்டிக் கொண்டு தட்டுங்கள். வீசிங் உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

அப்படியும் வீசிங் விடவில்லை என்றால் பூச்சி மருந்து கடைக்கு அலையாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரம்பூர் பகுதி மக்களுக்கு பக்கத்திலேயே ஓட்டேரியில் அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி உள்ளது.