வால்வுக்கு எடுத்த ஸ்கேனில் நுரையீரல் புள்ளி!
பதறவும் வேண்டாம், மறக்கவும் கூடாது!

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை தெரியும் அல்லவா? இதய வால்வு மாற்றப் போகும் பெரியவர்கள் பலருக்கு இப்போது அந்தக் கதைதான்!

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. வயதாக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும். சிலர் மயங்கி விழுவார்கள்.

முன்பு வால்வை மாற்ற நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன். 2002-ம் ஆண்டு பிரான்சில், ரூவான் நகர டாக்டர் அலென் கிரிபியே, ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்திக் காட்டினார். இதற்கு 'டாவி' என்று பெயர்.

ஸ்கேன் எதற்கு?

சட்டைக்கு அளவு எடுப்பதுபோல வால்வுக்கும் அளவு எடுக்க வேண்டும். குழாய் போகும் பாதையையும் பார்க்க வேண்டும். அதனால் நெஞ்சு முதல் தொடை வரை சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் எல்லாமே படத்தில் விழுந்துவிடும்!

பித்தப்பையில் கல், சிறுநீரகத்தில் நீர்க்கட்டி... இவை பெரும்பாலும் தொல்லை தராதவை. நுரையீரலில் புள்ளி, வயிற்றுப் பெருங்குழாயில் வீக்கம் என்றால் கவனிக்க வேண்டும்.

எல்லாம் கேன்சரா?

இல்லவே இல்லை! நுரையீரல் புள்ளி 6 மில்லிமீட்டருக்கும் சின்னது, புகைப்பழக்கம் போன்ற ஆபத்தும் இல்லை என்றால் வழக்கமாக மறு ஸ்கேனே தேவையில்லை என்கிறது 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டி. 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் 3 மாதத்தில் மறு ஸ்கேன், அல்லது 'பெட்' ஸ்கேன், அல்லது சதைப் பரிசோதனை.

"வால்வை அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர், மொதல்ல இந்தக் கட்டியைக் கவனிங்க!" என்று வீட்டார் பதறுவது உண்டு. ஆனால் காத்திருப்பதிலும் உயிராபத்து இருக்கிறது. ஆபரேஷன் தாங்காத நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. டாவி செய்யாதவர்களில் ஒரே வருடத்தில் 100-க்கு 51 பேர் இறந்தார்கள். செய்தவர்களில் 31 பேர்!

அதனால் சின்னப் புள்ளிக்காக வால்வைத் தள்ளிப்போடுவது சரியல்ல. அதேசமயம், பரவிய புற்றுநோய் என்று உறுதியானால் வால்வு மாற்றிப் பலன் உண்டா என்று டாக்டர்கள் கூடி யோசிக்கத்தான் வேண்டும்.

பீரோவில் தூங்கும் ரிப்போர்ட்

இன்னொரு ஆபத்து மறதி! வால்வு மாற்றியாச்சு, தாத்தா ஜோராக நடக்கிறார். பைல் பீரோவுக்குள் போய்விடுகிறது. "6 மாதம் கழித்து மறு ஸ்கேன்" என்ற கடைசி வரியும் அதோடு போச்சு!

வீட்டுக்குக் கிளம்புமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஸ்கேனில் இதயம் தவிர வேறென்ன தெரிந்தது? மறுபடி எப்போது பார்க்கணும்? எந்த டாக்டரிடம் போகணும்? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்!