கதவுக்குள் இறங்காத கண்ணாடி

காரின் பக்கக் கண்ணாடிக்கு விரிசல் விட்டுப் பழக்கமில்லை. ஒரு கணம் முழுதாக இருக்கும். மறுகணம் இருக்கையெல்லாம் கொட்டிக் கிடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரத்தடியில் நிறுத்தியிருந்த கார்களுக்கு நேர்ந்தது இதுதான். சாதாரணக் கார் என்றால் பெரிய கவலை இல்லை. ராயப்பேட்டைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்து, கண்ணாடி வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் போர்ஷே, ஃபெராரி, மெக்லாரன் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடி உடைந்தால் கதையே வேறு. ‘குவார்ட்டர் கிளாஸ்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் அதற்காக, கோடி ரூபாய் வண்டி வாரக்கணக்கில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

அவ்வளவு என்ன இருக்கிறது அந்தக் கண்ணாடியில்?

முதலில் அது உடையும் விதத்தைப் பார்ப்போம். காரின் முன்கண்ணாடி லேமினேட்டட் வகை: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் விரிசல் விடும், ஆனாலும் இடத்தைவிட்டு நகராது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டஃபண்டு வகை. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பீய்ச்சுவார்கள். மேற்பரப்பு உடனே இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். அந்த உட்பகுதி மெதுவாக ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன மேல்தோலைத் தன்னோடு சேர்த்து இழுக்கும். கடைசியில் மேற்பரப்பு நிரந்தர அழுத்தத்திலும் நடுப்பகுதி நிரந்தர இழுவிசையிலும் நின்றுவிடுகின்றன. மேற்பரப்பில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன்.

கண்ணாடி உடைய வேண்டுமானால் அதன் மேலுள்ள நுண்கீறல் ஏதாவது வாய் திறக்க வேண்டும். அழுத்தம் அந்த வாயை மூடியே வைத்திருக்கிறது. டஃபண்டு கண்ணாடியின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அழுத்தப் பகுதியின் ஆழம் இரு பக்கமும் மொத்தத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் அது வெறும் 0.8 மில்லிமீட்டர். கீறல் அதைத் தாண்டி உள்ளே இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால், அடைத்து வைத்திருந்த ஆற்றல் மொத்தமும் அவிழ்கிறது. நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் விரிசல் கிளைத்துக் கிளைத்து ஓடும். அதனால்தான் முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளிக்கு ரெசின் ஊற்றிச் சரிசெய்வதுபோல் பக்கக் கண்ணாடிக்குச் செய்ய முடிவதில்லை. அங்கே இருப்பது ஒன்று மேலோட்டமான கீறல். இல்லையென்றால் கண்ணாடியே மிச்சமில்லை. முகத்தை விடப் பலவீனமானது விளிம்பு. நடுவில் கையால் குத்தினாலும் தாங்குகிற கண்ணாடி, மூலையில் கூரான கடினப் பொருள் ஒன்று தட்டினால் போய்விடும்.

கண்ணாடிக்குள் உறைந்திருக்கும் இந்த விசையைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று போதும். சூரியன் மறைவதற்குச் சற்று முன் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போய், நிறுத்தியிருக்கும் கார்களின் பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் அதன் வழியாகப் பாருங்கள். வரிசை வரிசையாக மங்கலான புள்ளிகளும் பட்டைகளும் தெரியும். தலையைச் சாய்த்தால் புள்ளிகள் மங்கும், அல்லது அடர்த்தியாகும். தொழிற்சாலையில் காற்றுக் குழல்கள் நேராகப் பட்ட இடங்களும் படாத இடங்களும் வேறுவேறு வேகத்தில் ஆறியதன் தடங்கள் அவை. அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடி ஒளியின் அதிர்வுத் திசையை இடத்துக்கு இடம் வேறு விதமாக மாற்றுகிறது. இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ப்ரூஸ்டர்.

இந்தச் சோதனைக்கு மாலை நேரத்தைச் சொல்லக் காரணம் உண்டு. நீல வானத்தின் ஒளியே ஓரளவு முனைவுற்றது, அதாவது ஒரு குறிப்பிட்ட திசையில் கூடுதலாக அதிர்வது. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் பகுதியில் அது உச்சத்தில் இருக்கும். மாலையில் சூரியன் மேற்கே தாழும்போது அந்தப் பட்டை நம் தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடுகிறது. சாய்ந்த கண்ணாடி அதைப் பிரதிபலிக்கிறது. வானத்தில் சில புள்ளிகளில் மட்டும் இந்த முனைவாக்கம் அறவே இல்லாமல் போகும். அவற்றில் ஒன்றுக்கு அதே ப்ரூஸ்டரின் பெயர். அந்தப் புள்ளிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர் மயிலாப்பூர்க்காரர். அவருடைய குடும்ப வீடான ‘சந்திர விலாஸ்’ அங்கேதான் இருந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். விண்மீன்களின் இறுதிக்காலம் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவராகத்தான் அவரை நமக்குத் தெரியும். ஒளி காற்று மண்டலத்தில் பட்டுப் பட்டுச் சிதறுவதை அவர் தீர்த்துவைத்த 1950ஆம் ஆண்டு நூலும், டோனா எல்பர்ட்டுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்ட வான ஒளி அட்டவணைகளும் அதற்குக் குறைந்தவை அல்ல. ப்ரூஸ்டர் விட்டுச்சென்ற பழைய புதிர் தீர்ந்தது அங்கேதான். அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் ஒளியைக் கொண்டு பொருட்களின் உள்விசையை அளக்கும் இதே கலையில் உலகம் மதிக்கும் நூலை எழுதிய பேராசிரியர் கே. ரமேஷ் பணியாற்றினார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கடற்கரையில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். செலவு ஒரு கூலிங் கிளாஸ்.

சரி, ஸ்போர்ட்ஸ் காரின் குவார்ட்டர் கிளாஸ் ஏன் அசையாமல் ஒட்டப்பட்டிருக்கிறது? அது வடிவியல் சம்பந்தப்பட்டது. வளைந்த வாள் உறைக்குள் போக வேண்டுமானால் வளைவு முழுக்க ஒரே சீராக இருந்தாக வேண்டும். கதவுக்குள் இறங்கும் கண்ணாடிக்கும் அதே நிபந்தனைதான். உருளை போன்ற சீரான பரப்பின் துண்டாக இருந்தால்தான் இடுக்கு வழியே வழுக்கி இறங்கும். காற்றைக் கிழித்துப் போக வடிவமைத்த தாழ்ந்த காரில், கூரையும் பின்புறத் தோளும் சேருமிடத்தில் பரப்பு இரண்டு திசையில் ஒழுங்கில்லாமல் வளைகிறது. அங்கே வரும் கண்ணாடி எந்த இடுக்கிலும் இறங்காது. ஒட்டித்தான் ஆக வேண்டும். சில கார்களில் கதவுக் கண்ணாடிக்கே இந்தக் கதி. 1981இல் வெளிவந்த டெலோரியன் காரில் கதவின் கண்ணாடி பெரும்பகுதி நிலையானது. டோல்கேட்டில் கை நீட்டுமளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறக்கும். மெக்லாரன் எஃப்1 காரிலும் ஜன்னலுக்குள் ஜன்னல்தான்.

இப்படி இருதிசை வளைவுள்ள கண்ணாடியைச் செய்ய அந்த மாடலுக்கென்றே தனி அச்சு வேண்டும். வெட்டுவது, விளிம்பைத் தேய்ப்பது, வளைப்பது என எல்லாமே குளிர்காற்றைப் பீய்ச்சி ஆற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். டஃபண்டு ஆன பிறகு அதைக் கண்ணாடி வெட்டும் வைரத்தால் வெட்டப் போனால் நொறுங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி வார்த்துக்கொண்டிருக்கிறது. இருந்தும், உலகத்துக்கே ஐந்நூறு வண்டி செய்த மெக்லாரன் சென்னா போன்ற மாடலுக்காக யாரும் இங்கே அச்சு செய்து வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடி ஐரோப்பாவிலிருந்துதான் வர வேண்டும்.

காத்திருக்கப் பொறுமையில்லாமல், சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்வது உயிரோடு விளையாடுவது. விபத்தில் அது கத்தியாகச் சிதறும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வந்து சேர்ந்த கண்ணாடியின் மூலையில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் 1 என்றால் ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்றது. 3 இத்தாலி, 11 பிரிட்டன். அருகே 43ஆர் என்றிருப்பது வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. விதியைக் குறிக்கும். இந்தியக் கண்ணாடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். புதுக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்கிறவர்கள் ஒரு விதியை மறந்துவிடுகிறார்கள். பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 சதவீத ஒளி உள்ளே வந்தாக வேண்டும்.

கண்ணாடி வந்தாயிற்று. உண்மையான வேலை இனிமேல்தான். அம்பாசடர் காலத்தில் கண்ணாடியைப் பிடித்து வைத்தது ரப்பர் பீடிங். பீடிங்கின் பள்ளத்தில் ஒரு நூலைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து நூலை உருவுவார். ரப்பரின் உதடு ஒவ்வோர் அங்குலமாகத் தகட்டைத் தாண்டி உட்காரும். பார்க்கவே அழகான வேலை. இன்று அந்த இடத்தில் இருப்பது பாலியூரித்தேன் பசை. கண்ணாடி உடலோடு ஒன்றாகிவிடுகிறது. காரின் விறைப்பில் அதற்கும் பங்கு உண்டு. என்னைக் கேட்டால், இந்த வேலையில் கண்ணாடியை விடக் கவனிக்க வேண்டியது பசையைத்தான்.

பழைய பசையை மெல்லிய கம்பியால் அறுத்தெடுக்க வேண்டும். முழுவதையும் சுரண்டிவிடக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவைத்தால் புதுப் பசைக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. கம்பி பெயின்ட்டைக் கீறிவிட்டால் அங்கே பிரைமர் பூசியே ஆக வேண்டும். நம் ஊரில் இது இரட்டிப்பு முக்கியம். அடையாறு, மயிலாப்பூர், சாந்தோம் எல்லாம் கடலோரம். உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது வீட்டு கேட்டைப் பார்த்தாலே தெரியும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் தனி நிலையம் வைத்து இந்த அரிப்பை ஆராய்ந்து வருகிறது. காரின் உடல் கார்பன் ஃபைபர் என்றால் துரு பயம் இல்லைதான். ஆனால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அதுவே ஒரு மின்கலம் ஆகிவிடும், கரைவது அலுமினியம்.

இந்தப் பசை இறுகுவதற்கு வேண்டியது காற்றிலுள்ள ஈரம். பசையின் ஐசோசயனேட் தொகுதிகள் நீராவியோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. வெளித்தோலில் தொடங்கி உள்ளே போகும். 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் இறுகும் என்பது பொதுவான அளவு. சென்னையில் வெப்பமும் அதிகம், ஈரப்பதமும் அதிகம். ஐரோப்பியக் குளிர்காலத்தில் மெக்கானிக் பசை இறுகக் காத்துக்கிடக்கும் வேளையில் நம் ஆளுக்கு அதுவே சட்டென்று இறுகிவிடுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பசையைப் போட்டதும் சில நிமிடங்களில் அது மேலே தோல் கட்டிவிடும். அதற்குள் கண்ணாடியைச் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும். தோல் கட்டிய பசைமேல் வைத்த கண்ணாடி ஒட்டியதுபோல் இருக்கும், ஒட்டியிருக்காது. மழை வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு பொறி ஏசி அறை. சென்னையில் பல நாட்களில் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரியைத் தொடும். 20 டிகிரி அறையில் இரவெல்லாம் இருந்த கண்ணாடியை வெளியே எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன்மேல் படியும். பசைக்கு வேண்டியது காற்றில் கலந்த நீராவி. ஒட்டும் பரப்பில் தண்ணீர் இருந்தால் பிரைமர் பிடிக்காது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, துடைத்து, அதன் பிறகே பிரைமரைத் தொட வேண்டும். விளிம்பில் இருக்கும் கறுப்பு பீங்கான் பட்டையையும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலின் புறஊதாக் கதிர் பசையை அரிக்காமல் காப்பது அதுதான்.

சில கார்களில் குவார்ட்டர் கிளாஸின் இடத்தில் இருப்பது கண்ணாடியே அல்ல. 2016இல் வந்த போர்ஷே 911 ஆர் மாடலில் பின்பக்க ஜன்னல்கள் எடை குறைந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. பந்தயக் கார்களில் பாலிகார்பனேட் சர்வசாதாரணம். கண்ணாடியில் பாதிக்கும் குறைவான எடை, சுத்தியலால் அடித்தாலும் நொறுங்காது. ஆனால் எளிதில் கீறல் விழும். கறை போக்குகிறேன் என்று தின்னரைத் தொட்டுத் துடைத்தால் நுண்விரிசல் பூத்துவிடும்.

“அண்ணே, சாயங்காலம் ஈசிஆர் போகணும், எடுத்துக்கலாமா?” என்று கண்ணாடி ஒட்டிய அன்றே கேட்கிற உரிமையாளரிடம், “நாளைக்கு வாங்க சார்” என்று சொல்கிற மெக்கானிக்கை நம்புங்கள். வண்டியை எடுத்த பிறகும் முதல் இரண்டு நாள் எதிர்ப்பக்கக் கதவுக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கியே வையுங்கள். காற்றுப் புகாத சின்ன கேபினில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் எகிறி, இன்னும் இறுகாத பசையிலிருந்து புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். வாட்டர் சர்வீஸை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அதன்பின் கழுவும்போதும் போர்வெல் தண்ணீரைக் கண்ணாடிமேல் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். அந்த உப்புக் கறை நாள்பட்டால் கண்ணாடியை அரித்துவிடும், பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது.