"எங்கிட்ட துப்பாக்கி இருக்கு, சார்"

நம்மூரில் போலீஸ் கை காட்டினால் என்ன செய்வோம்? வண்டியை ஓரங்கட்டுவோம். இறங்கி, ஆர்.சி. புக்கையும் இன்ஷூரன்ஸையும் எடுத்துக்கொண்டு, ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கும் எஸ்.ஐ.யிடம் நாமே நடந்து போவோம். அமெரிக்காவுக்குப் புதிதாகப் போய் கார் ஓட்டத் தொடங்கும் நம்மவர்கள் முதலில் மறக்கவேண்டிய பழக்கம் இதுதான். அங்கே இறங்கவே கூடாது. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலே, போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். லைசென்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று அவர் வருவதற்குள் டேஷ்போர்டைத் துழாவக் கூடாது.

காரணம் ரகசியமில்லை. மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று லைசென்ஸே தேவையில்லை. எந்தக் காருக்குள்ளும் ஒன்று இருக்கலாம் என்ற நினைப்போடுதான் போலீஸ்காரர் ஜன்னலை நெருங்குகிறார். சரி, உள்ளே நிஜமாகவே துப்பாக்கி வைத்திருப்பவர், அதுவும் முறைப்படி அனுமதி வாங்கியவர், என்ன செய்யவேண்டும்? தானாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா?

ஊருக்கு ஒரு சட்டம். டெட்ராய்ட்டிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே வருகிறீர்கள் என்று வையுங்கள். மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும்வரை, போலீஸ் நிறுத்திய உடனே நீங்களாக வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவை 500 டாலர் அபராதம், ஆறு மாதத்துக்குத் துப்பாக்கி லைசென்ஸ் முடக்கம். டொலீடோவுக்கு முன்னால் எல்லையைத் தாண்டி ஒஹையோவுக்குள் நுழைந்துவிட்டால், கேட்டால் மட்டும் சொன்னால் போதும். அங்கேயும் முன்பு தானாகச் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. 2022 ஜூனில் மாற்றினார்கள். அதே கார், அதே துப்பாக்கி, அதே மனிதர். எல்லைப் பலகையைத் தாண்டியதும் கடமை மாறிவிடுகிறது.

துப்பாக்கிப் பயிற்சி வகுப்புகளில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. இரவென்றால் கார் உள்விளக்கைப் போடு. கண்ணாடியை இறக்கு. 'கன்' என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விடாதே. காருக்கு மறுபக்கம் நிற்கும் இரண்டாவது போலீஸ்காரர் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தால் கதை முடிந்தது. "என்னிடம் அனுமதி அட்டை இருக்கிறது" என்று ஆரம்பி, "இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று முடி. அட்டை முதலில், ஆயுதம் பிறகு.

இந்தப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஃபிலாண்டோ காஸ்டீல் நினைவுக்கு வருகிறார்.

மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளர். வயது 32, கறுப்பினத்தவர். எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து போலீஸ் அவரை 46 தடவையாவது நிறுத்தியிருக்கிறது. நிறுத்தினால் என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. சொன்னதைக் கேட்டு நட என்று அம்மா வலேரியும் சொல்லி வளர்த்திருந்தார். 2015-ல் முறைப்படி விண்ணப்பித்துத் துப்பாக்கி அனுமதியும் வாங்கியிருந்தார்.

2016 ஜூலை 6, இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. ஃபால்கன் ஹைட்ஸில் அவருடைய பழைய ஓல்ட்ஸ்மொபீல் காரை ஜெரோனிமோ யானெஸ் என்ற போலீஸ்காரர் நிறுத்தினார். காஸ்டீலுக்குப் பக்கத்தில் காதலி, பின்சீட்டில் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள். பின்விளக்கு எரியவில்லை என்று காரணம் சொன்னார் யானெஸ். ஆனால் நிறுத்துவதற்கு முன்பே, ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுபவரின் மூக்குச் சாயல் இவருக்கு இருப்பதாக வயர்லெஸ்ஸில் பேசியிருந்தார். லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டார். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்த காஸ்டீல், நிதானமாக, 'சார்' போட்டு, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லியாக வேண்டும் என்றார்.

"சரி, அதை எடுக்காதே" என்றார் யானெஸ். எடுக்கவில்லை என்று இவர் சொல்ல, எடுக்காதே என்று அவர் கத்த, பத்து நொடிகூட ஆகியிருக்காது. ஏழு குண்டுகள். ஐந்து உடம்பில் பாய்ந்தன. அரைக்கால் சட்டைப் பையில் கிடந்த துப்பாக்கியின் குழல் அறையில் குண்டு ஏற்றப்படவே இல்லை என்று பிறகு தெரிந்தது. காதலி செல்போனில் நேரலை போட, உலகமே பார்த்தது.

இதில் வேதனை என்னவென்றால், மினசோட்டா சட்டப்படி போலீஸ் கேட்டால்தான் சொல்லவேண்டும். யானெஸ் கேட்கவில்லை. காஸ்டீல் சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே நேர்மையாக நடந்துகொண்டார். அனுமதி இருப்பதைச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. லைசென்ஸை எடு என்பது முதல் கட்டளை. எடுக்காதே என்பது அடுத்தது. எதை எடுக்கக் கூடாது? இரண்டு கட்டளைக்கும் கை ஒன்றுதான்.

பயிற்சியாளர்களோ, சொற்களின் வரிசையை மாற்றியிருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதுதான் எனக்கு உறுத்துகிறது. சம்பளமும் பயிற்சியும் வாங்கியவர் பதறலாம்; நிறுத்தப்பட்டவர் மட்டும் சொல் பிசகாமல் பேசவேண்டுமா? யானெஸும் வகுப்புக்குப் போனவர்தான். 2014-ல் அவர் உட்கார்ந்த 20 மணி நேரப் பயிற்சியின் பெயரே 'புல்லட்ப்ரூஃப் வாரியர்', அதாவது குண்டு துளைக்காத போர்வீரன். தெருவைப் போர்க்களமாகப் பார்க்கப் பழகிய காதுக்கு, அட்டை என்றாலும் ஆயுதம் என்றாலும் ஒன்றாகத்தான் கேட்கும். துப்பாக்கி உரிமைக்காக மூச்சுவிடாமல் பேசும் தேசியத் துப்பாக்கிச் சங்கம், அனுமதி பெற்ற இந்த மனிதருக்காக வாய் திறக்கத் தயங்கியதை அதன் உறுப்பினர்களே கேள்வி கேட்டார்கள்.

இதற்காகத் தொடரப்பட்ட குற்ற வழக்கிலிருந்து 2017 ஜூன் 16-ல் யானெஸ் விடுதலையானார். காரில் பொருத்திய கேமராவின் பதிவு அதற்குப் பிறகே பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. வலேரி தனியாக வழக்கு போடாமலே அவருக்குச் சுமார் 30 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

சுடப்பட்ட பின் காஸ்டீல் முனகியது, "நான் எடுக்கப் போகலை" என்பதுதான். மினசோட்டாவில் இப்போது ஒரு சிறிய பை புழக்கத்தில் இருக்கிறது. லைசென்ஸையும் இன்ஷூரன்ஸ் அட்டையையும் அதில் வைத்து, ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டிக்கொள்ளலாம். சட்டைப் பைக்கோ டேஷ்போர்டுக்கோ கை போகவேண்டியதில்லை. அதைப் பரப்ப வலேரி துணை நின்றார். பையின் பெயர் 'நாட் ரீச்சிங்', அதாவது 'எடுக்கப் போகலை'. மகனின் கடைசி வார்த்தை அது.