வில்லன் வேண்டும்! – 9: ஒரு கை, ஒரு கால்

டிராகன் கதைகளில் வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலும் டிராகனேதான் வில்லன். புதையலின் மேல் சுருண்டு கிடக்கும், ஊரைக் கொளுத்தும், கடைசியில் வாளோடு ஒருவன் வருவான். 2010-ல் வந்த டிரீம்வொர்க்ஸின் ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ இந்த ஏற்பாட்டை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கலைத்துப்போட்டது.

பெர்க் தீவின் வைக்கிங்குகளுக்கு டிராகனைக் கொல்பவர்தான் வீரர். ஊர்த்தலைவர் ஸ்டோயிக்கின் மகன் ஹிக்கப்போ கோடாரியைத் தூக்கவே திணறும் ஒல்லிப்பிச்சான். தானே செய்த எறிபொறியால், யாரும் நெருங்க முடியாத நைட் ஃப்யூரி வகை டிராகன் ஒன்றை இரவில் வீழ்த்திவிடுகிறான். மறுநாள் காட்டில் கட்டுண்டு கிடக்கும் அதன்மேல் கத்தியை ஓங்கியவன், குத்தாமல் கயிற்றை அறுத்துவிடுகிறான். அடுத்த இரண்டு படங்களின் வில்லன்களும், இந்த இடத்தில் வேறு முடிவெடுத்திருக்கக்கூடிய ஹிக்கப்கள்தாம்.

முதல் படத்தின் வில்லனை வேகமாகக் கடந்துவிடலாம். ரெட் டெத் என்ற அந்த ராட்சத டிராகனுக்கு உருவம்தான் பெரிது. எரிமலைக்குள் உட்கார்ந்துகொண்டு மற்ற டிராகன்களைக் கொள்ளைக்கு அனுப்பித் தின்கிறது, அவ்வளவுதான். உண்மையான மோதல் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கிறது. மனைவியை டிராகனிடம் பறிகொடுத்த ஸ்டோயிக், டிராகனோடு நட்பாகிவிட்ட மகனை ‘நீ என் பிள்ளை இல்லை’ என்று தள்ளிவைக்கிறார். அப்போதும் அவர்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை.

முடிவில் ஹிக்கப் ஒரு காலை இழக்கிறான். அவன் வீழ்த்திய அந்த நைட் ஃப்யூரியான டூத்லெஸ்ஸுக்கு ஏற்கெனவே வால்துடுப்பில் ஒரு பாதி இல்லை. அதற்குச் செயற்கைத் துடுப்பு செய்துகொடுத்தவனே செயற்கைக் காலோடு எழுந்து நடக்கிறான். குழந்தைகள் படத்தில் நாயகனின் காலை எடுக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அந்தக் கால் 2014-ல் வந்த இரண்டாம் பாகத்தில் வேறு கணக்காக விரிகிறது. வில்லன் டிராகோவுக்கு ஒரு கை இல்லை. டிராகன்கள் அவன் வீட்டை எரித்து, குடும்பத்தையும் அழித்தவை. ஹிக்கப்பைப் போலவே அவனும் டிராகன்களைப் பழக்குகிறான், ஆனால் அடித்து, அச்சுறுத்தி. ‘பேசினால் திருந்துவான்’ என்று நம்பிப் போகிறான் ஹிக்கப். ‘சிலரைத் திருத்த முடியாது’ என்று எச்சரித்த ஸ்டோயிக்தான் அந்த நம்பிக்கைக்கு உயிரைக் கொடுக்கிறார். அதுவும் யாரால்? டிராகோவின் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்ட டூத்லெஸ்ஸால். மகனை நோக்கி வந்த தீப்பிழம்பின் குறுக்கே அப்பா பாய்கிறார். நாயகனின் நல்ல குணத்துக்கே விலை வைத்த இந்தக் காட்சிக்காகத்தான் டிராகோவை இந்தத் தொடருக்குள் கொண்டுவந்தேன்.

மூன்றாம் பாகத்தின் (2019) வில்லன் கிரிம்மெல் என்னைக் கவரவில்லை என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வரக்கூடும். யோசனை அருமையானதுதான். சிறுவனாக இருந்தபோது தூங்கிக்கொண்டிருந்த நைட் ஃப்யூரி ஒன்றைக் கொன்று, ஊரால் கொண்டாடப்பட்டவன் அவன். அதாவது, கத்தியைக் குத்திய ஹிக்கப். இத்தனை வலுவான பின்கதையை இரண்டு மூன்று வசனங்களில் தள்ளிவிட்டார்கள். எஃப். முர்ரே ஆப்ரகாமின் குரல் மட்டும்தான் அவனைக் காப்பாற்றுகிறது.

கிரெசிடா கோவெலின் மூலப் புத்தகங்கள் (2003 முதல் 2015 வரை, 12 பாகங்கள்) முற்றிலும் வேறு உலகம். அங்கே டூத்லெஸ் குட்டியூண்டு டிராகன், சொன்ன பேச்சுக் கேட்காது. வில்லன் ஆல்வின், இழந்த கைக்குப் பதில் கொக்கி மாட்டியவன். படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்த வாரம் ‘எரகான்’. தன் டிராகனைப் பறிகொடுத்த துக்கத்தில் புத்தி பேதலித்துக் கொடுங்கோலனான கால்பட்டோரிக்ஸைப் பார்க்கலாம். மொத்தம் நான்கு தடித்த புத்தகங்கள். முதலாவதையாவது புரட்டி வையுங்கள்.