முப்பத்தைந்தில் ஒரு பங்கு டாங்கி

அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அம்மி, திருகை, பானை, மூடி, விறகடுப்பு என்று ஒரு சமையலறை முழுவதும் ஒரு சிறு ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு பானையை எடுத்து அதன் விளிம்பைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பித்தளைப் பானையின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் என்று கொள்வோம். செப்புப் பானை அதில் பத்தில் ஒரு பங்கு என்றால், விளிம்பு 0.1 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடைசல்காரர் அதை 3 மி.மீ. கனமாக விட்டிருப்பார். அதைவிட மெலிதாகக் கடைந்தால் மரம் தாங்காது. குழந்தைக்கு இது ஒரு குறையே அல்ல. பொம்மைக்கு இது போதும், உருமாதிரிக்குப் போதாது.

உருமாதிரி என்பது ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்வது. கேட்க எளிதாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போர்க்களத்து டாங்கி ஒன்றைச் செய்யத் தொடங்கிய பிறகே, வகுத்தலுக்கு அடங்காத பொருள்கள் பல உண்டு என்பது புரிந்தது.

நாம் எடுத்துக்கொள்ளும் டாங்கி விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு, சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் கட்டப்பட்டது. 1971ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்டது. உற்பத்தி 1980களில் நின்றுவிட்டது, படையிலிருந்தும் விலகிவிட்டது. பணி முடித்த சில வண்டிகள் இன்று நாட்டின் பல ஊர்களில் காட்சிக்கு நிற்கின்றன. நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இதன் சுழலும் கோபுரம் வார்ப்பால் ஆனதன்று; தட்டையான எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. ஆகவே அட்டையை வெட்டி ஒட்டிச் செய்பவருக்கு இது இணக்கமான டாங்கி. வளைவான கோபுரம் உள்ள டாங்கிகளை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள்.

எந்த விகிதம்?

டாங்கி மாதிரிகளுக்கு உலகெங்கும் வழங்கும் விகிதம் 1/35. வசதியான 1/30 இருக்க, 1/40 இருக்க, இந்தக் கோணல் எண் ஏன்? ஜப்பானில் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியை மோட்டார் வைத்து வெளியிட்டது. உள்ளே மின்கலங்கள் இருக்க இடம் வேண்டும் என்று உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 1/35 ஆக இருந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்த விகிதத்தில் விஜயந்தா எவ்வளவு இருக்கும்? உடல் நீளம் 7.92 மீட்டர், மாதிரியில் 22.6 செ.மீ. முன்னோக்கிய பீரங்கியோடு சேர்த்தால் 9.79 மீட்டர், மாதிரியில் 28 செ.மீ. அகலம் 3.17 மீட்டர், இது 9 செ.மீ. ஆகிறது. மேசை மேல் அடக்கமாக நிற்கும்.

பீரங்கியில் பலரும் ஏமாறுவார்கள். 105 மி.மீ. பீரங்கி என்றதும் 35ஆல் வகுத்து 3 மி.மீ. என்று கண்டு, பழைய பேனா ரீஃபிலை வெட்டிப் பொருத்திவிடுவார்கள். 105 மி.மீ. என்பது குழலின் உள்விட்டம். குண்டு செல்லும் துளை. வெளிவிட்டம் அதைவிடப் பெரிது. 3 மி.மீ. பின்னல் ஊசியின் மேல் பசை தடவிய தாளைச் சுற்றுங்கள். ஊசியை உருவினால் துளை சரியாக இருக்கும். தாளைச் செவ்வகமாக வெட்டாமல் ஒரு பக்கம் சரிவாக வெட்டிச் சுற்றினால், குழல் அடியில் தடித்து நுனியில் மெலிந்து வரும். நடுவில் உள்ள தடித்த பகுதிக்கு இன்னொரு துண்டுத் தாளைச் சுற்றுங்கள். வெடித்த புகை கோபுரத்துக்குள் திரும்பாமல் வெளியேற்றுவதற்கான அமைப்பு அது.

சக்கரங்களுக்குக் கடைசல் பட்டறையைவிடச் சிறந்த இடம் இல்லை. பக்கத்துக்கு ஆறு சாலைச் சக்கரங்கள்; ஒவ்வொன்றும் இரட்டை. ஆக மொத்தம் 24 வட்டுகள், எல்லாம் ஒரே அளவில். கத்தரிக்கோலால் 24 வட்டங்களை ஒரே அளவாக வெட்டிப் பாருங்கள், ஒன்று போல் ஒன்று வராது. கடைசலில் ஒரே மரத்தண்டை வேண்டிய விட்டத்துக்கு உருட்டிவிட்டுத் துண்டு துண்டாகச் சீவினால், விட்டம் மாற வழியே இல்லை. நெருங்கிய இழையோட்டமுள்ள மரமாக இருக்கட்டும். செப்புக்குப் பூசுவது போல அரக்கு மட்டும் பூசச் சொல்லாதீர்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வு வெப்பத்தில் அது உருகிப் படிந்து பளபளக்கும். டாங்கிக்கு அந்தப் பளபளப்பு ஆகாது.

தகடு, துணி, கம்பி

செப்புப் பானையின் விளிம்பை மறந்துவிடாதீர்கள். அதே சிக்கல் டாங்கியின் மண்காப்புத் தகட்டில் வருகிறது. 0.3 மி.மீ. அட்டையால் அதைச் செய்தால், உண்மையில் 10 மி.மீ. தடித்த தகடு என்று பொருள். கவசத்துக்கு அது சரி, மண்காப்புக்குச் சரியல்ல. காலியான களிம்புக் குழாயை வெட்டி விரியுங்கள். அதன் அலுமினியத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம், 35ஆல் பெருக்கினால் 3.5 மி.மீ. இதுதான் வேண்டிய கனம். வளைந்து நசுங்கிய மண்காப்பு வேண்டுமானால் விரலால் அழுத்தினாலே போதும், உண்மைத் தகடு போலவே நசுங்கும்.

டாங்கியின் பின்னால் சுருட்டிக் கட்டிய கித்தான் துணிக்குக் கைக்குட்டையைக் கிழித்து வைப்பார்கள். கைக்குட்டையின் கனம் 0.2 மி.மீ. என்றால் மாதிரியில் அது 7 மி.மீ. தடித்த தோலுக்குச் சமம். கனம் மட்டுமா, அது விறைத்தும் நிற்கும். பட்டம் ஒட்டும் மெல்லிய தாளைப் பசைநீரில் தோய்த்து, ஈரமாக இருக்கும்போதே மடித்து அழுத்திவிடுங்கள். வானொலிக் கம்பிக்குத் தென்னை ஈர்க்கு கைகொடுக்கும், இயற்கையாகவே நுனி மெலிந்திருப்பதால். ஆனால் ஈர்க்கின் அடிப்பகுதி ஒரு மில்லிமீட்டர் இருக்கும். டாங்கியில் அது 35 மி.மீ. குழாய். நுனியை மட்டும் எடுத்து, கண்ணாடித் துண்டால் இன்னும் சுரண்டிக்கொள்ளுங்கள்.

எடை போன இடம்

நான் செய்த முதல் விஜயந்தாவை, கவசப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். பாளையங்கோட்டைக்காரர். சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்வாள். ஆனா டிராக் என்ன இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது? இப்படி இறுக்கி ஓட்டினா பின்னு தெறிச்சுரும்லா?"

அவர் சொன்னது தொடர்பட்டையை. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன; தவறு வேறு எங்கோ இருந்தது. நீளத்தை 35ஆல் வகுத்தால் பரப்பு 35×35, அதாவது 1,225இல் ஒரு பங்காகும். பருமனும், அதோடு எடையும், 35×35×35, அதாவது 42,875இல் ஒரு பங்காகும். விஜயந்தாவின் எடை சுமார் 39 டன். அதே எஃகால் அணுவணுவாகச் செய்தாலும் மாதிரி 910 கிராம்தான் இருக்கும். அட்டையில் செய்தால் இன்னும் குறைவு.

உண்மை டாங்கியின் தொடர்பட்டை எஃகுக் கண்ணிகளைப் பின்களால் கோத்த கனத்த சங்கிலி. மேற்பக்கத்தில் மூன்று சிறு உருளைகள் அதைத் தாங்குகின்றன. உருளைக்கும் உருளைக்கும் இடையே பட்டை தன் எடையாலேயே தொங்கும். மாதிரியில் எடை 42,875இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அட்டையின் விறைப்பும் பசையின் பிடிப்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரே பொருளால் ஆன ஒரு மெல்லிய தகட்டை எல்லா அளவிலும் 35 மடங்கு சிறிதாக்கினால், தன் எடையால் அது தொய்வது, நீளத்தோடு ஒப்பிட, 35 மடங்கு குறைந்துபோகும். ஆகவே மாதிரியின் பட்டை தானாகத் தொங்காது. நாம்தான் தொங்கவிட வேண்டும். பட்டையை ஒட்டும்போது உருளைகளுக்கு இடையே பஞ்சுத் துண்டை வைத்து மெல்லக் கீழே அழுத்தி, பசை உலரும் வரை விட்டு, பிறகு பஞ்சை எடுத்துவிடுங்கள்.

இதே கணக்கு தரையிலும் வருகிறது. உண்மை டாங்கி ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்துகிறது. எடை 42,875இல் ஒரு பங்காகவும் பரப்பு 1,225இல் ஒரு பங்காகவும் குறைவதால், மாதிரியின் அழுத்தம் 35இல் ஒரு பங்கு. சுமார் 25 கிராம். தாமிரவருணிக் கரை நஞ்சையில் உண்மை டாங்கி இறங்கினால் பட்டை புதையும். மாதிரியோ சேற்றின் மேல் இலை போலக் கிடக்கும். எனவே அடித்தட்டில் மண்ணைக் குழைத்துப் பூசியதும், ஈரம் காயுமுன் டாங்கியைக் கையால் அழுத்திப் பதியுங்கள். மேடு பள்ளமான தரையானால் மேட்டின் மேல் வரும் சக்கரத்தைச் சற்று உயர்த்தி ஒட்டுங்கள். முறுக்குத் தண்டுகளின் உதவியால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டி இது.

மண்ணும் நீரும்

மண் என்றதும் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் நினைவுக்கு வரும். இரும்பு ஆக்சைடு பூசிய அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் 1971இல் மேற்கு எல்லையின் பஞ்சாபில் டாங்கிகள் ஓடிய தரை ஆற்று வண்டல். அழகுக்காகச் செம்மண் பூசினால் அது வேறு ஊர் டாங்கி ஆகிவிடும். நம் ஆற்று வண்டலே இதற்குப் பொருத்தம்.

அள்ளிய வண்டலை அப்படியே தூவலாமா? அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று மாதிரியில் 17 மி.மீ. கூழாங்கல். சலித்தாலும் போதாது, நீரில் பிரிக்க வேண்டும். நீரில் நுண்துகள் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்கு. 10 செ.மீ. உயர நீரில் 0.1 மி.மீ. துகள் கால் நிமிடத்துக்குள் அடியில் சேரும்; 0.01 மி.மீ. துகளுக்கு இருபது நிமிடம் ஆகும். வண்டலை ஒரு டம்ளர் நீரில் கலக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, மேல்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அந்நீரில் இருப்பவை 0.05 மி.மீ.க்கும் குறைந்த துகள்கள். உண்மையில் 2 மி.மீ.க்கும் குறைவான மண். இரவு முழுவதும் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காயவைத்துப் பொடி செய்யுங்கள்.

நீரைக் காட்ட நீரையே ஊற்றாதீர்கள். பரப்பு இழுவிசை எந்த விகிதத்துக்கும் கட்டுப்படாது. 3 மி.மீ. துளி ஒன்று டாங்கியின் மேல் நின்றால், உரித்த தேங்காய் அளவு நீர் உருண்டையாக நிற்பது போலத் தெரியும்.

ஆனால் அதே பரப்பு இழுவிசை வண்ணம் பூசுகையில் நமக்கு உதவும். அடர்பச்சைச் சாயத்தைப் புட்டியில் உள்ளபடி பூசினால் டாங்கி வீட்டுக்குள் கறுப்பாகத் தெரியும். இடையில் உள்ள காற்றுதான் தொலைவுப் பொருள்களை வெளிறக் காட்டுகிறது, ஆகவே மாதிரியையும் வெளிற வைக்க வேண்டும் என்று சிலர் விளக்குவர். எனக்கு அது ஒப்பவில்லை. 35 செ.மீ. தொலைவில் மாதிரியைப் பார்ப்பது, டாங்கியை 12 மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். 12 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் மாற்றாது. காரணம் வெளிச்சம். திருநெல்வேலி நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். ஒளி குறையும்போது நிறங்கள் மங்கி இருண்டதாகவே கண்ணுக்குத் தோன்றும். எனவே பச்சையோடு சற்று வெள்ளையும் மஞ்சளும் கலந்துகொள்ளுங்கள். வெயிலில் விழும் கூர்மையான நிழலும் அறைக்குள் கிடைக்காது. அதற்குப் பழுப்புச் சாயத்தை நீர்க்கக் கரைத்துத் தகடுகள் கூடும் மூலைகளில் தூரிகை நுனியால் தொடுங்கள். பரப்பு இழுவிசை அதை மூலை நெடுகிலும் இழுத்துச் செல்லும். காய்ந்ததும் நிழல்கோடு நிற்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அட்டை ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி உப்பும். சாரல் மாதங்களில் அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் இருப்பவர்கள், வண்ணம் பூசுமுன் உள்ளும் புறமும் சாராயத்தில் கரைத்த அரக்கை இரண்டு முறை பூசிவிட வேண்டும். சக்கரத்துக்கு வேண்டாம் என்ற அரக்கு இங்கே வேண்டும்! மேலே வண்ணம் வந்து அதன் பளபளப்பை மூடிவிடும்.

இரண்டாவது விஜயந்தாவை முடித்ததும் அதே பெரியவரிடம் கொண்டுபோனேன். இம்முறை அவர் நின்றபடி பார்க்கவில்லை. திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு, தரையில் குந்தி, கண்ணைத் திண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். தரையில் நிற்கும் மனிதனின் கண் 1.6 மீட்டர் உயரம் என்றால், மாதிரிக்கு அது நாலரை சென்டிமீட்டர். டாங்கியை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்த உயரம் அதுதான். பட்டையின் தொய்வை விரலால் தொடாமல் காட்டித் தலையசைத்தார். பிறகு, "பின் சக்கரத்துப் பல்லுலே சகதி அப்பியிருக்கணும் சார்வாள், அதுதானே பட்டையை இழுக்குது" என்றார். அன்றிரவே டம்ளரில் மறுபடியும் வண்டலைக் கலக்கி வைத்தேன்.