பாலத்தின் எண் 319.95!

அமெரிக்காவின் ராக்கி மலையில் 137 அடி உயர இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. அதன் எண் 319.95. பாலத்துக்குப் புள்ளி வைத்த எண்ணா?

பழைய ரெயில் கால அட்டவணையில் விடை இருக்கிறது. டென்வர் நகரில் இருந்து ஆன்டொனிட்டோ நிலையம் 280.70 மைல். அதே கணக்கில் வந்ததுதான் பாலத்தின் எண்ணும். அது வரிசை எண் அல்ல, தூரம்!

ஊரில்லாத மலைக்காடு அது. பாலம் பழுதானால் வேலையாட்கள் எங்கே போவது? எண்ணைச் சொன்னால் போதும். இடையில் புதுப்பாலம் கட்டினாலும் மற்ற எண்களை மாற்ற வேண்டாம். கெட்டிக்கார ஏற்பாடுதான்!

லொபாட்டோ பாலத்தின் எண் 339.78. கழித்துப் பாருங்கள், நடுவே 19.83 மைல். 2010-ம் ஆண்டு ஜூன் மாதம் லொபாட்டோ பாலத்தில் தீப்பிடித்தது. சாமா ஊரில் இருந்து மலையேறும் ரெயில் நின்றது. மறு ஆண்டுதான் அந்தப் பாலத்தில் மீண்டும் ரெயில் ஓடியது.