ரிப்போர்ட் நார்மல், உயிர் ஆபத்தில்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுத் தெருக்களிலும், முசரவாக்கம் போன்ற சுற்றுக் கிராமங்களிலும் 'சுகர் குறைந்திருக்கிறது' என்ற சொல் நிம்மதியைத் தரும் சொல். அதில் வியப்பில்லை. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆனால் குறைவான சர்க்கரை எல்லோருக்கும் நல்ல சேதி அல்ல. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி 2025 மார்ச்சில் தலச்சேரி மருத்துவமனையில் இறந்தார். உடல் பெருத்துவிடும் என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்த அவருக்கு அனோரெக்சியா நெர்வோசா எனும் உணவு மறுப்பு நோய் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கூறினர். மருத்துவமனைக்கு வந்தபோது அவருடைய ரத்தத்தில் சர்க்கரை, சோடியம் இரண்டுமே தாழ்ந்திருந்தன.

சாப்பாடு நின்றதும் உடல் பிழைத்திருக்க வழி தேடுகிறது. கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிட, பிறகு கொழுப்பு கரைகிறது, தசை கரைகிறது, அந்தத் தசையில் இதயமும் சேர்த்தி. தைராய்டு ஹார்மோனான டி3 (T3) அளவு இறங்குகிறது, நாடித்துடிப்பு மந்தமாகிறது, மாதவிலக்கு நிற்கிறது, எலும்பு வலுவிழக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலிலும் விரல்கள் சில்லிட்டிருக்கும். முதுகிலும் கன்னத்திலும் பூனைமுடி படரும். இந்த மாற்றங்கள் மன உறுதியால் தடுக்கக்கூடியவையும் அல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான 36 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆறு மாத அரைப் பட்டினியில் உடலின் அடிப்படை ஆற்றல் செலவு சுமார் 40 சதவீதம் சரிந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அனோரெக்சியா நோயாளிகளிடம் இன்சுலின் உணர்திறன் கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றனவே, சர்க்கரை நோயாளிகள் ஏங்குவதும் அதற்குத்தானே? கூடுவது உண்மைதான், குறிப்பாக உணவை மட்டும் குறைக்கும் வகையினரிடம். ஆனால் அளவான உணவாலும் நடைப்பயிற்சியாலும் உணர்திறன் கூடும்போது தசையும் எலும்பும் வலுப்பெறும். பட்டினியால் கூடும்போது அவை இரண்டும் அழிந்துகொண்டிருக்கும். உணர்திறன் மிகுந்த உடலில் சேமிப்பும் இல்லாததால், சர்க்கரை திடீரென இறங்கினால் கைகொடுக்கக் கல்லீரலில் எதுவும் இருக்காது. மயக்கமும் வலிப்பும் வரலாம். இதே நோயாளிகளில் சிலருக்கு குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதித்தால் சர்க்கரை இறங்கத் தாமதமாகிறது, பட்டினியில் பழகிய கணையம் உடனே இன்சுலினைச் சுரக்க முடியாததால். ஒரே உடலில் இரண்டு விதமான முடிவு வருகிறது என்றால், ஒற்றை எண்ணை வைத்து ஆரோக்கியத்துக்குச் சான்று கொடுக்க முடியாது என்றுதான் பொருள். வெறும் வயிற்று சுகர் நார்மல் என்று வந்ததும் திருப்தியடைந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. நாடி, ரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட், இசிஜி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

'எல்லாம் பிடிவாதம், இரண்டு அதட்டு அதட்டினால் சரியாகிவிடும்' என்பார்கள். சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்நோயின் மரபுக்கூறுகள் மனநோய்களோடு மட்டுமின்றி, இன்சுலின், கொழுப்பு உள்ளிட்ட வளர்சிதை மாற்றக் கூறுகளோடும் பிணைந்திருப்பதைக் காட்டியது. பிடிவாதம் என்று ஒதுக்குவது அறிவியலுக்கு எதிரானது. 'இது மேல்நாட்டுப் பணக்கார நோய்' என்பதும் சரியல்ல. டெல்லி மருத்துவர்கள் 1995இலேயே உணவுக் கோளாறு கொண்ட ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களிடம் உடல் தோற்றம் பற்றிய கவலை பெரிதாகத் தென்படவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்விலும் சிறார்களிடையே இந்நோய் பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்தில் 'விரதம்தானே' என்ற சமாதானமும் எளிதாகக் கிடைக்கும். ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் துவாதசிப் பாரணை உண்டு. விரதம் இருந்தவர் பசியோடு இலையில் உட்காருவார். பாரணையே இல்லாமல் நீளும் விரதம், சாப்பிட அழைத்தாலே வரும் பதற்றம், வேகமாக இறங்கும் எடை இவை பக்தியின் அடையாளம் அல்ல.

பதறிப்போய் வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பின் சோறும் இனிப்பும் திடீரென உள்ளே போனால் இன்சுலின் சட்டென உயர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் பாஸ்பேட் வற்றினால் இதயமும் சுவாசமும் தடுமாறி உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட பலர் உணவு கிடைத்த பிறகு இறந்தது இப்படித்தான். எனவே மிகவும் மெலிந்தவருக்கு மருத்துவமனையில், தயமின் கொடுத்து, ரத்தப் பரிசோதனை செய்தபடி, படிப்படியாக உணவைக் கூட்ட வேண்டும். எடை ஏறத் தொடங்கிய பிறகும் மனநல சிகிச்சை தொடர வேண்டும். இளம் வயதினருக்குப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் குடும்ப சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

இந்தச் சிகிச்சை யாரும் போடும் பிச்சை அல்ல. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18இல் அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மையங்களில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மனநல மையங்களில் கட்டணம் கிடையாது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21(4). நிறுவனம் மறுத்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும், பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். 18 வயதுக்குட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ, அவர்கள் நியமிக்கும் உதவியாளரோ உடனிருக்க வேண்டும். நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பதும் மருத்துவமனையின் கடமை. பெண்ணின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்று அஞ்சி சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வீட்டில் ஒரு பிள்ளை நாளுக்கு நாள் உணவை ஒதுக்குவது தெரிந்தால், எடையைப் பழிக்காமல், அழகைப் பேசாமல், காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் டெலி-மானஸ் இலவச எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சையில் குணமாகும் வாய்ப்பு அதிகம்; இன்றே கேளுங்கள்.